பரிவாசத்தின் இன்னொரு பொருள்

கடற்கரைப் புத்த விகாரை ஒன்றில் சாதுமித்திரன் என்றொரு இளந்துறவி இருந்தான். துறவிக்கு ஆகாத கல்யாணத் தூது போய், அதை மறைத்தும் வைத்ததால், பரிவாசம் என்னும் தண்டனை பெற்றிருந்தான். வருகிற துறவியரிடமெல்லாம் தன் குற்றத்தைத் தானே சொல்லவேண்டும்.

"நான் சேர்த்துவைத்த ஜோடி தினமும் அடித்துக்கொள்கிறது, அடிகளே. துறவிலும் தேறவில்லை, தரகிலும் தேறவில்லை" என்று சிரிப்பான்.

மூத்த துறவி அபயநந்தித் தேரருக்கு அந்தச் சிரிப்பே பொறுக்கவில்லை. சபை நடுவே உறுமினார்: "பரிவாசத்தின் பொருள்களையெல்லாம் சொல்! தவறினால் காவியைக் கழற்று!"

"விலகி வாழ்தல் என்பர், தங்கியிருத்தல் என்பர். குற்றத்தை மறைத்த நாள் எத்தனையோ அத்தனை நாள் ஒதுங்கிக் கிடத்தல் என்பது இந்த மண்டு பட்டறிந்த பொருள்."

"அவ்வளவுதானா?"

"இன்னொன்று உண்டு, அதை நான் சொல்லலாகாது. நான் பெண் வீட்டுக்குத்தான் போனேன். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன துறவி சொன்னால்தான் பொருந்தும்."

"யாரப்பா அவர்?" என்றார் சபைத் தலைவர்.

"அவரே சொல்லட்டும், சுவாமி. இன்று மறைத்தால் அவருக்குத் தண்டனையிலும் ஒரு நாள் கூடிவிடுமே என்றுதான் கவலைப்படுகிறேன்."

அபயநந்தித் தேரரின் தலை மெல்லத் தாழ்ந்தது.

"பையன் நல்லவன் என்று நம்பித்தான் போனேன்" என்றார்.