கல்தின்னியின் உறுமல்

வடிவம்மை பல ஊர் நடந்துவிட்டு அன்று காலைதான் மடத்துக்குத் திரும்பினார். இரண்டு கால்களும் வீங்கியிருந்தன.

வாசலில் கோமதிநாயகம் காத்திருந்தார். ஐம்பது வயது வைத்தியர். அம்மையைவிட மூத்தவர். பத்து வருஷமாக அம்மையின் சீடர்.

"ஒரு கேள்வி அம்மா. கல்லைத் தின்று ஓர் உயிர் வாழ முடியுமா?"

"உட்கார்ந்து கேட்கிறேன்" என்று அம்மை மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார்.

மலைக்குகைக்குள் பாறையைத் தின்னும் மிருகம் ஒன்று இருப்பதாக ஊரில் நெடுநாள் பேச்சு. கல்தின்னி என்பார்கள். மூன்று நாளைக்கு முன் காவிக்கல் வெட்ட உள்ளே போன சடையாண்டி திரும்பவில்லை. தேடப் போனவர்கள் உள்ளிருந்து ஓர் உறுமல் கேட்டு ஓடி வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஊரே குகை வாசலில் கூடிப் பேசிக்கொண்டிருந்தது.

"கல்தின்னி அவனைத் தின்றுவிட்டது என்கிறார்கள். அப்படி ஒரு மிருகம் இருக்கவே முடியாது என்று நான் சொன்னேன். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது."

"ஏன் முடியாது?"

"நாம் தின்னும் சோறு வயிற்றில் விறகு மாதிரி எரிகிறது. அந்தச் சூட்டில்தான் உடம்பு நடமாடுகிறது. கல் எரியாது. அது எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி."

"கல்பாசி பாறையில்தானே வளர்கிறது?"

"பாறையைக் கொஞ்சம் கரைக்கிறது, உண்மைதான். ஆனால் அது வாழ்வது வெயிலால். அப்படியும் வருஷத்துக்கு நகக்கண் அளவுதான் வளர்கிறது. இருட்டுக் குகையில், மாடு அளவு உடம்புக்கு, கல்லில் என்ன கிடைக்கும்? ஒருவேளை அப்படி ஒன்று இருந்தாலும் அசையத் தெம்பு இருக்காது. உறும மூச்சு இருக்காது."

"நன்றாகத்தான் சொல்கிறாய். அப்படியானால் உறுமியது எது?"

 

அம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

குகை வாசலில் அப்போதும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. சடையாண்டியின் மனைவி பேச்சி, அழுது ஓய்ந்து தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கம்மா" என்றார் ஊர்த்தலைவர். "கல்தின்னி உண்டா இல்லையான்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"விளக்கு இருக்கிறதா?"

பேச்சிதான் எடுத்துக் கொடுத்தாள். அம்மை குனிந்து உள்ளே நுழைந்தார். சற்று நேரத்தில் அந்த உறுமல் கேட்டது. கூட்டம் பின்வாங்கியது. அம்மையின் விளக்கு நிற்காமல் உள்ளே போனது. நாயகம் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு அவரும் குனிந்து நுழைந்தார்.

மூன்றாவது வளைவில் சடையாண்டி கிடந்தான். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே பாறையில் சிக்கியிருந்தது. சுவரில் கசிந்த நீரை நக்கி உயிரை வைத்திருந்தான். அவன் கூப்பிட்ட குரல்தான் குகையின் வளைவுகளில் மோதி வாசலில் உறுமலாகக் கேட்டிருக்கிறது.

"கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன்" என்றான். "கூப்பிட்டா எல்லாரும் ஓடுற சத்தம் கேட்கும். அப்புறம் பேச்சு கேட்கும். வைத்தியரய்யா பேசினதும் கேட்டுச்சு."

நாலு பேரை அழைத்துப் பாறையை நகர்த்தி அவனை வெளியே கொண்டுவந்தார்கள். பகல் முழுவதும் நாயகம் அவன் பக்கத்திலேயே இருந்தார். உயிர் தங்கியது. கால் தங்கவில்லை. முதல் நாளே அவனை வெளியே எடுத்திருந்தால் காலும் தங்கியிருக்கும் என்பது வைத்தியருக்குத் தெரியும். பேச்சி அதைப் பற்றிக் கேட்டபோது அவர் மறைக்காமல் சொன்னார்.

மாலையில் மடத்துக்கு வந்தார். அம்மை வீங்கிய கால்களை நீட்டிப் படுத்திருந்தார். 

"அம்மா, நான் சொன்னதில் எங்கே பிழை?"

அம்மை கண்ணைத் திறக்கவில்லை.

"பிழை இல்லை. கல்தின்னி இருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்திருந்தால், நீ எழுந்து போய்ப் பார்த்திருப்பாய்."