வெறுங்கால் அரசரின் குதிகால் வழக்கு

முன்னொரு காலத்தில், ஊருக்கு ஒரு குளமும் குளத்துக்கு நாலு வழக்குமாக இருந்த வெண்குன்ற நாட்டை வன்னிமாறன் என்றோர் அரசர் ஆண்டுவந்தார். மதயானைக்கு அஞ்சாதவர், காலையில் கட்டிலைவிட்டு இறங்க அஞ்சினார். முதல் அடி வைத்ததுமே குதிகாலில் ஆணி இறங்கும். கொஞ்சம் நடந்தால் அடங்கும். பிற்பகலில் உள்ளங்கால் வளைவெல்லாம் சுண்டி இழுக்கும். அதே வலி எனக்கும் இருப்பதால், இந்த இடத்தில் மட்டும் அரசர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. மற்ற இடங்களில் கிடையாது.

அரண்மனை மருத்துவர் மருதவாணர் காலை அழுத்திப் பார்த்தார். கருங்கல் தரையில் வெறுங்காலோடு நாளெல்லாம் நிற்பதுதான் வினை. பஞ்சு வைத்த செருப்பு போடுங்கள், சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை நீட்டி இழுத்துவிடுங்கள், மெல்ல மெல்லச் சரியாகும் என்றார்.

"செருப்பு கூடாது" என்றார் மரபுக் காவலர் விடங்கனார். தம்மைத் தவிர இன்னொருவர் பேச்சை அரசர் கேட்டால் அவருக்குப் பொறுக்காது. அரசர் முன்னிலையில் எவரும் காலணி அணியக் கூடாது என்பது பாட்டனார் காலத்துச் சட்டம். அரசர் எங்கே போனாலும் தம் முன்னிலையில்தானே இருக்கிறார்? ஆகவே அவரும் அணியக் கூடாதாம்.

அவை சிரித்திருக்க வேண்டும், தலையாட்டியது. "ஆமாம், என்னைவிட்டு நான் எங்கே போவது?" என்று அரசரே ஒப்புக்கொண்டார். செருப்பு இல்லாமலே வலி போகட்டும், வரும் தேர்த்திருவிழாவில் வடம் பிடித்து நான் நடக்காவிட்டால் மருதவாணர் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும் என்று ஆணையிட்டார். மருத்துவரின் மனைவி, அம்மியைத் தூக்கிப் போவதா விட்டுப் போவதா என்று அன்றே யோசிக்கத் தொடங்கினாள்.

அவையின் இளைய அமைச்சர் தத்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அநியாயத்தைக் கண்டால் அவளுக்குக் கோபம் வரும். கோபம் வராதபோதும் வாதம் வரும். உட்கார்ந்து வாதாடத் தெரியாதவள், எழுந்து நின்று பகல் முழுக்கப் பேசினாள். எடுத்துக்காட்டு, எதிர்வாதம், அதற்கும் ஓர் எதிர்வாதம். அரசர் தூங்கிவிட்டார். விடங்கனார் மட்டும் விழித்திருந்து, "நீ சொன்னதெல்லாம் சரிதான், பெண்ணே. சட்டம் அப்படியேதான் இருக்கிறது" என்றார்.

தோற்று, நொண்டிக்கொண்டு வீடு திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு பகல் நின்ற நமக்கே குதிகால் இந்தப் பாடு படுத்துகிறது. இந்தக் கிழவர் விடங்கனார் நம் வயதைவிட அதிக ஆண்டுகளாக அதே கல்லில் நிற்கிறார், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவர் வேட்டி மட்டும் ஏன் எப்போதும் தரையைக் கூட்டுகிறது? வாயைத் திறந்துவைத்த நேரத்தில் கொஞ்சம் கண்ணைத் திறந்திருக்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் அவை வாசலில் அரிசிமாவு பரப்பியிருந்தது. அரசரின் கால் நலம்பெற, அவையோர் அனைவரும் மாவில் தடம் பதித்து நுழைவதாக வேண்டிக்கொண்டேன் என்றாள் தத்தை. வேண்டுதலைத் தடுப்பது மரபில்லை. விடங்கனாருக்கு அது நன்றாகவே தெரியும்.

"எனக்கு இன்று முதுகுவலி" என்றார் அவர்.

"முதுகால் நடக்கச் சொல்லவில்லையே, ஐயா" என்றாள் இவள்.

அரசர் நடந்தார், வளைவே இல்லாமல் தட்டையாய் ஒரு தடம். மற்றவர்கள் நடந்தார்கள், ஐந்து விரல், ஒரு குதி. கடைசியில் விடங்கனார் நடந்தார். விரலே இல்லாமல் அப்பளம்போல் வழவழவென்று இரண்டு தடம்.

அரசர் குனிந்து பார்த்தார். "விடங்கரே, உம் விரல்கள் எங்கே?"

"வயதாகிவிட்டது, அரசே. தேய்ந்திருக்கும்."

வேட்டியைத் தூக்கச் சொன்னார்கள். பாதத்தில், தோல் நிறத்திலேயே, பஞ்சு அடைத்த தோலுறை வாரிட்டுக் கட்டியிருந்தது. அரசர் கொதிப்பார் என்று அவை காத்திருந்தது. அவரோ, "கழற்றும். நான் போட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

போட்டார். நின்றார். கண்ணில் நீர் கோத்தது.

"சட்டப்படி இப்போது குற்றவாளிகள் இருவர்" என்றாள் தத்தை. "மரபுக் காவலர்தான் தண்டனையைச் சொல்ல வேண்டும்."

விடங்கனார் அரசரின் காலைப் பார்த்தார், தம் காலைப் பார்த்தார். "பஞ்சு வைத்தது காலணி ஆகாது, அரசே. அது மருந்து."

"அதையே சட்டமாக எழுதுங்கள்" என்றார் அரசர். நாளெல்லாம் நிற்கும் வாயிற்காவலர் எல்லாருக்கும் அந்த மருந்தைத் தைத்துக் கொடுக்கச் சொன்னார். தேர் முடியும்வரை வெறுங்காலோடு நிற்பது விடங்கனார் ஒருவருக்கே உரிய மரபு என்றும் சேர்த்துக்கொண்டார்.

திருவிழாவில் அரசர் வடம் பிடித்து நடந்தார். வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் தேர் நிலைக்கு வந்தது. மருத்துவரின் மனைவி அம்மியைப் பழைய இடத்திலேயே போட்டாள். தத்தைக்கு அவையில் தந்தப்பிடி வைத்த ஓர் ஆசனம் பரிசாக வந்தது.

"இனிமேல் உட்கார்ந்து பேசு, தாயி. உன் குதிகாலும் ஆறிவிடும்" என்றார் மருதவாணர்.

உட்கார்ந்து பேசினால் வாதத்துக்கு எப்படி வலு வரும் என்று மறுத்துப் பேச எழுந்தவள்தான். அந்த ஆசனத்தில் இன்றைக்கும் மருதவாணர்தான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.