கொசுறாகப் போன கீரி

மூங்கில் காட்டு நரி வீரபாகு, காலையிலிருந்து மருத மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அண்ணாந்து பார்த்தது. எண்ணியது. மறுபடியும் எண்ணியது.

"நாற்பது! அந்த நாரைக்கு மட்டும் நாற்பது கொத்து!" என்று வாயைப் பிளந்தது.

அது என்ன கொத்து என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். மூங்கில் காட்டுக்கும் பக்கத்து அல்லிக்குளத்துக்கும் வருஷா வருஷம் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். காய்ந்த சுரைக்காய்தான் பந்து. தேன் எடுக்க வந்தவர்கள் விட்டுப்போன அடியில்லாத கூடைகளை இரண்டு மரங்களில் கட்டியிருந்தார்கள். யார் சுரைக்காயைக் கூடைக்குள் போட்டாலும், மரங்கொத்தி பறந்து வந்து, மருத மரத்தில் அவருடைய வரிசையில், அன்றைய நாளுக்கென்று இருக்கும் இடத்தில், ஒரு கொத்து கொத்திவிட்டுப் போகும். தினசரி பயிற்சியானாலும் சரி, பெரிய போட்டியானாலும் சரி, கணக்கு ஒன்றுதான்.

போட்டியில் ஜெயித்தவர்களுக்குக் கோடை முழுக்க இரண்டு பக்கத்துக்கும் பொதுவான மடுவில் முதல் தண்ணீர். தோற்றவர்கள் அவர்கள் குடித்து முடித்த பிறகுதான் இறங்கவேண்டும். அப்போது அங்கே என்ன இருக்கும்? சேறுதான் இருக்கும்! இரண்டு வருஷமாக மூங்கில் காடு சேற்றைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. இந்த வருஷமும் தோற்றால் நரியைத் தலைமையிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

"அந்த நாரையை எப்படியாவது நம்ம பக்கம் இழுத்துடணும்" என்று நரி முடிவு செய்தது.

அதற்கும் வழக்கம் உண்டு. போட்டிக்குப் பத்து நாள் முன்னால் எல்லைப் பாறையில் இரண்டு பக்கமும் கூடி ஆள் மாற்றிக்கொள்ளலாம். பேரம் படிந்ததும் இரண்டு தலைவர்களும் பாறையில் கால் பதிக்கவேண்டும். பதித்தால் முடிந்தது. மாறிப் போகிறவர் குடும்பத்தோடு அந்தப் பக்கம் குடியேறவேண்டும்.

அல்லிக்குளத்தின் தலைவி நீர்நாய் குமுதவல்லி. நிதானமானவள். பேரத்துக்கு வரும்போதுகூட ஒரு கெண்டை மீனை மென்றுகொண்டேதான் வந்தாள்.

"குமுதக்கா! உங்க நாரை நெடுங்காலனை எங்களுக்குக் கொடுங்க!" என்றது நரி.

"கொடுக்கலாம் தம்பி. பதிலுக்கு யாரைக் கொடுப்பே?"

"கரடி தொம்பையனை எடுத்துக்கோங்க! பதினைந்து கொத்து போட்டவன்!"

"நாற்பதுக்குப் பதினைந்தா? நல்லா இருக்கே உன் நியாயம்!"

நரிக்கு வியர்த்தது. "அப்போ குரங்கையும் சேர்த்துக்கோங்க. அவன் இருபது!"

"குரங்கு வேண்டாம்ப்பா, அது எந்நேரமும் கோவிச்சுக்கும். கரடியே போதும். ஆனா சும்மா விடமாட்டேன். கறிகாய் வாங்கினா கறிவேப்பிலை கொசுறா தர்றதில்லையா? அதுமாதிரி நீயும் ஏதாவது கொசுறு போடு."

"கொசுறா? கேளுங்க! என்ன வேணும்?"

குமுதவல்லி மீன் முள்ளைத் துப்பினாள். கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். "அதோ, அந்தக் கீரியைப் போடு."

நரி குபீரென்று சிரித்துவிட்டது. "செவந்தியையா? அக்கா, நல்லாப் பார்த்துத்தான் கேட்கிறீங்களா? மரத்தில் அவ வரிசையில் ஒரு கொத்துகூடக் கிடையாது! எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க! வேணும்னா ஒரு குலை நாவல்பழமும் தர்றேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். கீரி செவந்தி மட்டும் சிரிக்கவில்லை. பாவம், அவள் நரியின் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, நான் கொசுறா?" என்று கேட்டாள். "நாலு வருஷமா உங்களுக்கு ஆடியிருக்கேனே! மழைக்கு முன்னாடிதான் புதுசா வளை தோண்டினேன். பிள்ளைங்க இன்னும் கண்ணே திறக்கலை."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. உனக்கு எத்தனை கொத்து? அதைச் சொல்லு!"

தலைவர்கள் பாறையில் கால் பதித்தார்கள். செவந்தி ஒரு குட்டியை வாயில் கவ்வி எடுத்துக்கொண்டு, வாலைத் தரையில் இழுத்தபடி எல்லையைத் தாண்டினாள். கரடி தொம்பையன் மிச்சக் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டது.

"அழாதே செவந்தி. நீ வர்றேன்னதும்தான் எனக்குத் தெம்பே வந்துச்சு" என்றது கரடி.

போட்டி நாள் வந்தது. மூங்கில் காட்டில் ஒரே கொண்டாட்டம். நாரைக்கு மாலையே போட்டுவிட்டார்கள்!

ஆட்டம் தொடங்கியது. நெடுங்காலன் நேராகப் போய்க் கூடைக்கு அடியில் நின்றது. கழுத்தை நீட்டியது. அலகைத் திறந்தது. அதற்குத் தெரிந்த ஆட்டம் அவ்வளவுதான். குளத்தில் இருந்தபோது ஆமை ஒன்று சுரைக்காயை முதுகில் ஏந்திக்கொண்டுபோய்ச் சரியாக அலகருகே நிறுத்தும். இங்கே ஆமைக்கு எங்கே போவது?

"இங்கே போடு! இங்கே போடு!" என்று நாரை கத்தியது.

"நான் எதுக்கு உனக்குப் போடணும்? எனக்குக் கொத்து வேண்டாமா?" என்றது குரங்கு. தானே எறிந்தது. சுரைக்காய் முள்ளம்பன்றியின் முதுகில் போய்க் குத்தி நின்றது.

"பார்த்து எறியத் தெரியாதா?" என்று முள்ளம்பன்றி சீறியது.

"நடுவுல வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று குரங்கு கோபித்துக்கொண்டு மரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. முன்னெல்லாம் அது கோபித்துக்கொண்டால், செவந்திதான் ஓடிப்போய், "அடுத்தது உனக்குத்தான், இறங்கி வா" என்று சமாதானம் செய்வாள். இப்போது கூப்பிட ஆளில்லை. குரங்கு இறங்கவே இல்லை.

அந்தப் பக்கம் என்ன நடந்தது தெரியுமா?

கரடிக்குக் கண் கொஞ்சம் மங்கல். கூடை அதற்குப் புகைமாதிரிதான் தெரியும். செவந்தி கால்களுக்கு நடுவே புகுந்து போவாள், சுரைக்காயைத் தட்டிப் பறிப்பாள், கரடியின் கையில் கொண்டுபோய் வைப்பாள். "வலப்பக்கம் ரெண்டடி! நில்லு! இப்போ போடு!" என்பாள். கரடி போடும். விழும்!

எருமை ஒன்று பிறந்ததிலிருந்து கூடையில் போட்டதே இல்லை. "கொம்பைக் கொஞ்சம் சாய்ச்சுக்கோ பெரியப்பா" என்றாள் செவந்தி. சுரைக்காய் கொம்பில் பட்டுத் துள்ளிக் கூடைக்குள் விழுந்தது. எருமை ஆனந்தத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடியதில் பாதி ஆட்டம் நின்றுபோயிற்று!

கொத்திக் கொத்தி மரங்கொத்திக்கு அலகே வலித்தது. அல்லிக்குளம் பத்தொன்பது. மூங்கில் காடு நான்கு.

ஆட்டம் முடிந்ததுதான் தாமதம், நரி எல்லைப் பாறைக்கு ஓடி வந்தது.

"அக்கா! கீரியைத் திருப்பிக் கொடுத்துடுங்க! நாரையைத் தர்றேன்! குரங்கையும் தர்றேன்! முள்ளம்பன்றியும் உங்களுக்கே!"

குமுதவல்லி மீனை நிதானமாக மென்றாள். "தரலாம்தான். ஆனா தம்பி, கொசுறா வந்ததுக்கு விலை பேசற பழக்கம் எங்க குளத்துலே இல்லையே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நரி செவந்தியிடம் திரும்பியது. "நீயாவது சொல்லும்மா. உன் வளை அப்படியே இருக்கு."

"இருக்கட்டும் அண்ணே. முயலுக்குக் கொடுத்திடுங்க" என்றாள் செவந்தி. அவள் வால் இப்போது நிமிர்ந்து நின்றது. "பிள்ளைங்க இங்கேதான் கண் திறந்தாங்க." பிறகு நீர்நாயைப் பார்த்தாள். "அக்கா, இந்தக் கோடையில் அவங்களும் நம்மோடவே தண்ணிக்கு இறங்கட்டுமே. குரங்கு வேற காலையிலிருந்து ஒண்ணும் குடிக்காம மரத்திலேயே இருக்கு."

"நீ கேட்டா சரி" என்றாள் குமுதவல்லி.

நரிக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் ஒரு சந்தேகம் அதை அரித்தது. "அக்கா, அவ பேரில் ஒரு கொத்துகூட இல்லையே! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

குமுதவல்லி நரியை மருத மரத்துக்கு அழைத்துப் போனாள். கொத்துகளுக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்கு மரம் வழவழவென்று இருந்தது. கரடியின் வரிசையில் அங்கே ஒன்றும் இல்லை. குரங்கின் வரிசையிலும் இல்லை. முள்ளம்பன்றிக்கும் இல்லை.

"போன மாசம் மூணு நாள் உங்க பயிற்சியில் யாரும் ஒண்ணுகூடப் போடலை. ஏன் தெரியுமா?"

நரி யோசித்தது. அதன் காது மெதுவாகத் தொங்கியது. "அந்த மூணு நாளும்... செவந்திக்குக் கால்ல முள் குத்தியிருந்துச்சு."

"நீ கொத்தை எண்ணினே. நான் இந்த வெற்றிடத்தை எண்ணினேன்" என்று சொல்லிவிட்டு, நீர்நாய் அடுத்த மீனைப் பிடிக்கப் போனாள்.

நீதி: ஒருவருடைய மதிப்பை அறிய, அவர் இருக்கும்போது என்ன செய்தார் என்று மட்டும் பார்க்காதே, அவர் இல்லாதபோது எது நின்றுபோனது என்றும் பார்.