இரண்டாம் பக்கத்தில் ஒற்றை வரி

முன்னொரு காலத்தில், ராஜாவும் இருந்து கம்ப்யூட்டரும் இருந்த காலத்தில், சித்திரசேனன் என்றொரு மகாராஜா ஆண்டுவந்தார். அது எந்த நூற்றாண்டு என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதை ஒத்துவராது. மகாராஜா நல்ல மனுஷர்தான். ஆனால் எதையாவது பிடித்துக்கொண்டால் லேசில் விடமாட்டார். ஒரு சமயம் புறாப் பித்து. இன்னொரு சமயம் அரண்மனையில் எல்லோரும் நீலத்தில்தான் உடுத்தவேண்டும் என்றார். அதனாலெல்லாம் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்து வந்த பித்துதான் நாட்டைக் கெடுத்தது.

ராஜாங்க வித்யாசாலையில் வேலை கேட்டு ஏகாம்பரனார் என்ற பண்டிதர் சபைக்கு வந்தார். ஏரி, கால்வாய், கரை இவற்றை ஆராய்கிறவர். அவர் நீட்டியது தம் சுயவிவரம். நம் ஊரில் பயோடேட்டா என்கிறோமே, அதுதான். மற்றவர்கள் கையில் கிடைத்த எழுத்தில் கன்னாபின்னாவென்று அடித்துக் கொண்டுவருவார்கள். இவரோ அச்சுக்கோப்பு மென்பொருளில் உட்கார்ந்து, உயர்ந்த எழுத்துருவாகத் தேடிப் பொறுக்கி, வரிக்கு வரி மூச்சுவிட இடம் கொடுத்து, நாலு பக்கமும் ஓரம் விட்டு அமைத்திருந்தார்.

மகாராஜா அதைக் கையில் வாங்கியவர் கீழே வைக்கவில்லை.

"இதுவன்றோ அழகு! என் கண் ஓரிடத்திலும் இடறவில்லையே! அத்தனையும் ஒரே பக்கத்தில் அடங்கியிருக்கிறது. அடுத்த பக்கத்தில் ஒற்றை வரி அநாதையாய் நிற்குமே, அந்த அலங்கோலமும் இல்லை" என்று சபையறியச் சொல்லி, முத்துமாலையும் உத்தியோகமும் கொடுத்தார்.

அவ்வளவுதான். நாட்டிலுள்ள பண்டிதர்கள் அத்தனை பேரும் அதே மென்பொருளை வாங்கினார்கள். நட்சத்திரம் பார்க்கிறவர் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கொம்பு எழுத்தை விட்டு மயிரிழை விலகி நிற்கிறதே என்று கவலைப்பட்டார். மூலிகை ஆராய்கிறவர் காட்டுப் பக்கம் போவதை நிறுத்தினார். எந்த எழுத்துருவில் 'ள' நன்றாக வளைகிறது என்று இரண்டு இலக்கண வித்துவான்கள் அடித்துக்கொண்டு பேச்சுவார்த்தையே நின்றுபோயிற்று. சொல்லும்போது சிரிப்பு வருகிறது. படித்த படிப்பெல்லாம் இப்படிப் பாழாயிற்றே என்று வயிறும் எரிகிறது.

அந்தச் சபையில் கூத்தபிரான் என்று ஒரு விகடகவி இருந்தான். மகாராஜாவுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியத்தைப் பார்க்கப் பார்க்க மந்திரி அனந்தகீர்த்திக்குச் சோறு இறங்காது. எப்போது காலை வாரலாம் என்று காத்திருந்தார். வித்யாசாலையின் தலைமைப் பீடம் காலியானதும் அவருக்கு வழி கிடைத்தது.

"பிரபோ! தலைவரைத் தேர்ந்தெடுக்க ரசனை வேண்டும். தங்கள் ரசனையை அறிந்தவன் கூத்தபிரான் ஒருவனே. அவனிடமே ஒப்படையுங்கள். தவறினால் நாட்டைவிட்டு வெளியேறட்டும்."

மகாராஜாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. "கூத்தபிரானே! நாட்டிலேயே அழகான சுயவிவரம் எதுவோ, அதை நாளைச் சபையில் தலைமைப் பீடத்தில் அமர்த்து. ஒருவர் ஆட்சேபித்தாலும் நீ ஊரில் இருக்கமுடியாது" என்று ஆணையிட்டார்.

எல்லாப் பண்டிதர்களும் ஒரே மென்பொருளில், ஒரே அச்சில் வார்த்ததுபோலச் செய்திருந்தார்கள். எதை எடுத்தாலும் மற்றவர்கள் கூச்சல் போடுவார்கள். கூச்சல் போடச் சொல்லி மந்திரியும் ஏற்பாடு செய்துவைத்திருந்தார்.

மறுநாள் சபை கூடியது. தலைமைப் பீடத்தில் பட்டுத் திண்டு. திண்டின்மேல் சாய்ந்தபடி ஒரே ஒரு காகிதம். பக்கத்தில் நின்று கூத்தபிரான் அதற்குச் சாமரம் வீசிக்கொண்டிருந்தான்.

"இது என்ன கூத்து? தலைவர் எங்கே?" என்றார் மகாராஜா.

"இதோ அமர்ந்திருக்கிறார், பிரபோ! அழகான சுயவிவரத்தை அமர்த்தச் சொன்னீர்கள். ஆளை அமர்த்தச் சொல்லவில்லையே!"

"ஆட்சேபிக்கிறோம்!" என்று மந்திரி எழுந்தார். பின்னால் பண்டிதர்களும் எழுந்தார்கள்.

"தாராளமாக. இது ஏகாம்பரனாருடையது. 'இதுவன்றோ அழகு' என்று மகாராஜாவே திருவாய் மலர்ந்தருளியது. மகாராஜாவின் கண் பழுது என்கிறவர்கள் ஒவ்வொருவராக முன்னே வரலாம்."

எழுந்தவர்கள் எழுந்த சுவடு தெரியாமல் உட்கார்ந்தார்கள். மகாராஜா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கீழைப்பற்று கிராமத்திலிருந்து ஆவுடைத்தங்கம் என்ற குடியானவப் பெண் சபைக்குள் வந்து கும்பிட்டாள். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது.

"மகராசா, படிச்சவங்களுக்கெல்லாம் தலைவரு யாருங்க? அவரப் பாக்கணும்."

சிரித்த வாயோடு மகாராஜா பீடத்தைக் காட்டினார். பாவம், அவளும் அந்தக் காகிதத்தின் முன்னால் போய்க் கைகட்டி நின்றாள்.

"சாமி, எங்க ஏரிக்கர ஒடஞ்சு போச்சுங்க. வயக்காடெல்லாம் மண்ணு மூடிக் கெடக்கு. திரும்பக் கட்டணும். அடியில எங்கன ஊத்துக் கசியுதுன்னு தெரியாமக் கட்டுனா மறுபடியும் ஒடயும். முன்ன ஒரு ஐயா வந்து கரையில கம்பு நட்டு நட்டுப் பாத்துக்கிட்டிருந்தாரு. பாதியில வராம நின்னுட்டாரு. அவரு எங்கன இருக்காருன்னாவது சொல்லுங்க சாமி."

காகிதம் என்ன சொல்லும்? மகாராஜா சிரிப்பை நிறுத்தினார். கூத்தபிரான் சாமரத்தைக் கீழே வைத்துவிட்டான். இவ்வளவு தூரம் போகும் என்று அவனும் நினைக்கவில்லை.

பண்டிதர் வரிசையிலிருந்து ஏகாம்பரனார் தடுமாறி எழுந்துவந்தார். "நான்தான் அம்மா அது" என்றார்.

மகாராஜா காகிதத்தை எடுத்துப் பார்த்தார். "இதில் கீழைப்பற்று ஏரி என்று எங்குமே இல்லையே!"

"இருந்தது, பிரபோ. அதைச் சேர்த்தால் ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தைக் குறைத்துப் பார்த்தேன். அழகு கெட்டது. கடைசியில் அந்த ஆராய்ச்சியையே எடுத்துவிட்டேன். பக்கம் ஜம்மென்று உட்கார்ந்தது. தாங்கள் மாலை போட்டீர்கள். சுயவிவரத்தில் இல்லாத வேலையை எதற்கு முடிப்பது என்று தோன்றிவிட்டது. கசிவு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும் தறுவாயில் இருந்தேன். இன்னொரு மழைக்காலம் அங்கே போய்ப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். கரை நின்றிருக்கும்."

மகாராஜாவுக்கு ஏகாம்பரனார்மேல் கோபப்படத்தான் ஆசை. ஒற்றை வரியை அலங்கோலம் என்று சபையில் சொன்னது தம் வாய்தான் என்பது நினைவுக்கு வந்ததும் கோபம் எழும்பவில்லை. வெட்கமாக இருந்தது.

"கூத்தபிரானே, நீ ஜெயித்தாய். என்ன வேண்டும், கேள்."

"ஒரு வெள்ளைத்தாள், பிரபோ. இரண்டாம் பக்கத்துக்கு."

தாள் வந்தது. ஏகாம்பரனார் அதைத் தரையில் வைத்து, எழுத்துருவும் இல்லாமல் மென்பொருளும் இல்லாமல், கையால் எழுதினார்: 'கீழைப்பற்று ஏரிக்கரைக் கசிவு. முடிக்கவில்லை.' அத்தனை பெரிய தாளில் அந்த ஒரு வரிதான் கோணலாக நின்றது.

மகாராஜா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இதுவும் அழகாகத்தான் இருக்கிறது" என்றார்.

"இருக்கட்டும் மகராசா. கரைக்கு எப்ப வருவீக?" என்றாள் ஆவுடைத்தங்கம்.

மகாராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இம்முறை தம்மை நினைத்துச் சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கிற்று. தம் கழுத்து ஆரத்தைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். ஏகாம்பரனாரை ரதத்தில் ஏற்றித் தாமும் ஏறிக்கொண்டு, அந்தப் பெண்ணை வழிகாட்டச் சொன்னார்.

எல்லோரும் சுகமாக இருந்தார்கள் என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட கதையை முடிப்பது வழக்கம். கீழைப்பற்றில் அந்த வருஷம் அறுவடை இல்லை. அதனால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.