சேர்மன் கார் நிற்காமல் மதுரை போனது

சேர்மன் செங்குட்டுவனின் பழைய கார் சித்திரை வெயிலில் கொஞ்ச தூரம் ஓடினாலே கொதித்து நின்றுவிடும். டிரைவர் மாசிலாமணிக்கோ அதன் மேல் உயிர்.

"மதுரைக்கு மக வீட்டுக்குப் போறோம். வழியில சூடேறி நின்னுச்சுன்னா, வண்டிய நாளைக்கே வித்துருவேன்" என்று சொல்லிவிட்டு, சேர்மன் தன் மனைவி தெய்வானையோடு ஏறினார்.

"நிக்காதுங்கய்யா" என்றான் மாசிலாமணி.

சூடு ஏறத் தொடங்கியதும் ஒரு டீக்கடை முன் ஓரங்கட்டினான். "ஐயா, உங்களைப் பார்த்துட்டு எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க. பேசாமப் போனா வருத்தப்படுவாங்க."

சேர்மன் மகிழ்ந்து இறங்கினார். பேச ஆரம்பித்தால் அவர் லேசில் முடிக்கமாட்டார். அதற்குள் இன்ஜின் ஆறிவிட்டது. ரேடியேட்டருக்குத் தண்ணீரும் ஊற்றியாயிற்று. அடுத்து ஒரு கோயில் வாசல், அப்புறம் ஒரு கல்யாண மண்டபம்.

மதுரையில் இறங்கியதும் சேர்மன் காரைத் தட்டிக்கொடுத்தார். "பாத்தியா தெய்வானை, வண்டி ஒரு இடத்துலகூட நிக்கலை!"

"வண்டி எங்கே நின்னுச்சு? நீங்கதானே வழியெல்லாம் நின்னீங்க" என்று அவள் சிரித்தாள்.

சேர்மன் மாசிலாமணியை முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"திரும்பிப் போகையில எந்தெந்த ஊர்ல பேசணும்னு இப்பவே சொல்லிடுப்பா" என்றார்.