‘ஏங்க’ என்றால் யார்?

கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் திரும்பிய பயணிகள் கப்பல் ஒன்று, விடியற்காலைப் பனிமூட்டத்தில் பாறையில் மோதி மூழ்கியது. பெண்களை முதலில் படகில் இறக்கினார்கள். அப்படி இறங்கியவள்தான் வேதவல்லி. அவள் கணவர் அமிர்தகடேசன் மேல்தட்டில் நின்று, "நீ போ, நான் பின்னாலயே வரேன்" என்றார். அப்புறம் கப்பலையும் காணோம், அவரையும் காணோம்.

பனியில் பக்கத்தில் இருப்பதே தெரியவில்லை. துடுப்புக்காரர் சொன்னார்: "இன்னும் ஒருத்தருக்குத்தான் இடம். உன் வீட்டுக்காரரைக் கூப்பிடும்மா. சத்தத்தை வெச்சு நீந்தி வரட்டும்."

எப்படிக் கூப்பிடுவாள்? கணவர் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பி வளர்ந்தவள். கோவில் அர்ச்சனைக்குக்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைத்தான் பெயர் சொல்ல வைப்பாள். "ஏங்க! இங்க வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். தூரத்தில் இன்னொரு பெண்குரலும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தது.

"இதோ வந்துட்டேன்!" என்று ஒருவர் நீந்தி வந்தார். தூக்கிவிட்டுப் பார்த்தால் முன்பின் தெரியாத மனிதர்!

"என் சம்சாரம் கூப்பிடுறாள்னு நெனச்சேன்மா" என்று விழித்தார்.

வேதவல்லி மறுபடி பனிப்பக்கம் திரும்பினாள். ஆயுசாவது ஒன்றாவது! "அமிர்தகடேசன்!" என்று அலறினாள். சற்று நேரத்தில் அவர் வந்து படகோரக் கயிற்றைப் பிடித்தார். உதடெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

"இன்னொரு ஆள் ஏறினா கவிழ்ந்துடும்" என்றார் துடுப்புக்காரர்.

அந்நியர் எழுந்தார். "உங்களுக்குன்னு வெச்ச இடம் இது. நான் இறங்கிடறேன்."

"அவ பேர் சொல்லிக் கூப்பிடலையே. வந்தவருக்குத்தான் இடம். உக்காருங்க" என்றார் அமிர்தகடேசன்.

கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருவரும் உபசாரம் செய்துகொண்டிருக்க, வேதவல்லி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்துவிட்டாள். "என் இடத்துல ஏறுங்க!"

இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: வேதவல்லி செய்ததுதான். அந்நியர் விடத் துணிந்தது, பனிக்குள் அவர் சம்சாரம் கூப்பிட்டுக்கொண்டிருந்த உயிரை. அமிர்தகடேசன் விடத் துணிந்தது, வேதவல்லி கூப்பிட்ட உயிரை. பெயரை விழுங்கியவள் அவள். அந்தத் தவறுக்கு அடுத்தவர் உயிரைக் கொடுக்காமல் தன் இடத்தைக் கொடுத்தாள். அந்த ஓர் இடத்தில் கணவனும் மனைவியும் மாறி மாறி ஏறி, மாறி மாறிக் கயிற்றைப் பிடித்து மிதந்து, உச்சிவேளையில் வந்த வேறொரு கப்பலில் பிழைத்தார்கள். கரையிறங்கியதும் கூட்டத்தில் பழக்கதோஷத்தில் "ஏங்க" என்றாள். அமிர்தகடேசனும் அந்த அந்நியரும் ஆக இரண்டு பேர் திரும்பினார்கள். வேதவல்லி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு பெயரைச் சொன்னாள்.