சேந்தன் பார்த்த மூன்று நிலங்கள்

கேளுங்கள், அரசர்கள் தேரில் போய்வந்த நாளில் நடந்தது இது.

ஆற்றங்கரைப் பட்டணம் ஒன்றில் கொற்றன் என்ற துணி வியாபாரி இருந்தான். அவன் மனைவியின் தம்பி சேந்தன். நிலம் வாங்கிப் பிழைக்க வேண்டும் என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் ஆசை பிறந்தது.

அந்தப் பட்டணத்தில் நிலம் அறிந்தவள் உமையாள். வெறுங்கையோடு வந்து நூறு காணி சேர்த்தவள். சேந்தன் நேரே அவளிடம் போனான்.

"எனக்கு ஒன்றும் தெரியாது, அம்மா. சொல்லிக்கொடுங்கள்."

"விடிந்ததும் வா, நடப்போம்" என்றாள் அவள்.

கொற்றனுக்கு வயிறு எரிந்தது. 'நேற்றுவரை என் கடையில் துணி மடித்த பயல், இன்று உமையாளோடு நடக்கிறானே!' தானும் போய்க் கேட்கலாம். ஆனால் தெரியாது என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. பேச்சு காதில் விழாத தூரத்தில் வேலியோரம் பதுங்கிப் பின்தொடர்ந்தான்.

முதல் நாள் அவர்கள் ஒரு பொட்டல் நிலத்தில் நின்று மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். மாலைக்குள் கொற்றன் முந்திக்கொண்டு அதை வாங்கிவிட்டான்.

மறுநாள் ஒரு மாந்தோப்பில் நின்று அக்கம்பக்கத்தாரிடம் பேசினார்கள். கொற்றன் மனைவியின் நகைகளை விற்று அதையும் வாங்கினான்.

மூன்றாம் நாள் ஆற்றுப்படுகையில் நெடுநேரம் நின்றார்கள். கடையையே கொடுத்து அதையும் வாங்கினான். "இனி என்னத்தை வாங்குவான், பார்ப்போம்!" என்று சிரித்தான்.

பொட்டலில் விதைத்தது மண்ணின் உப்பில் கருகியது. தோப்புக்கு ஏழு பங்காளிகள் வழக்கோடு வந்தார்கள். ஐப்பசி மழையில் படுகை ஆற்றோடு போயிற்று.

சேந்தனோ மேட்டில் ஒரே ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தான். அதில் கேழ்வரகு இடுப்பளவு நின்றது.

கொற்றன் அங்கே போய்க் கத்தினான். "துரோகி! அந்த மூன்று நிலத்தையும் காட்டி என்னைக் கெடுத்துவிட்டாயே!"

சேந்தன் திகைத்தான். "அத்தான், அவற்றை வாங்கியது நீங்களா? எந்த நிலத்தை வாங்கக் கூடாது என்றுதானே அந்த மூன்று நாளும் உமையாள் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்! ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே."

கொற்றன் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஆகவே அறியுங்கள்: பொறாமையால் ஒளிந்து பார்ப்பவனுக்குப் பாதிதான் தெரியும், தெரியாது என்று ஒப்புக்கொண்டு கேட்பவனுக்கே முழுதும் விளங்கும்.